ஈரலும் ஈரமும்

தமிழ் மொழியில் அகத்துறுப்புக்களுள் மூன்று, ஈரல் என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றன. மூச்சுக்கு உரியது நுரையீரல். வயிற்றின் இடப்பாலது மண்ணீரல். வலப்பால் விலாவெலும்பின்கீழ் அமைந்தது கல்லீரல். இம்மூன்றனுள்ளும் கல் என்னும் அடைமொழி பெற்ற உறுப்பே, வெட்டிக் குறைத்தவழியும் மீள வளரும் இயல்பினது. மரம் தளிர்த்தல் யாவரும் அறிந்தது. கல் தளிர்த்தல் உண்டோ எனின், இக்கல் தளிர்க்கும். அவ்வியல்பை அறிஞர் எவ்வாறு ஆராய்ந்து வந்தனர் என்பதையும், இனி எவ்வாறு ஆராய்தல் தகும் என்பதையும் பற்றி எமக்குத் தோன்றும் கருத்தினைச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

இலக்கியம் பயில்வார்க்கு ஈரலைப்பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு என்று வினவுவார் உளராயின், அவர்க்கு விடை கூறுதல் எம் கடன். எம் ஊராகிய சாமல்பட்டி, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரை வட்டத்தில், சேலத்திற்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே செல்லும் இருப்புப்பாதையின் ஓரத்தது. அங்கு ஒருவர்க்கு மஞ்சட்காமாலை கண்டால், முதற்கண் தேடுவது மருத்துவரையன்று. வயல்வரப்பிலே தானே முளைத்துக் கிடக்கும் கீழாநெல்லியையே. அதனை வேரோடு பிடுங்கிக் கழுவி அரைத்து மோரிற் கலந்து கொடுப்பர். நோய் தணியாதாயின் இரயிலேறி, 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய வேலூர்க் கிறித்தவ மருத்துவமனைக்குச் செல்வாரும் உளர். வரப்பின் பச்சிலைக்கும் வேலூர் மருத்துவமனைக்கும் இடையே நிற்கும் வினா ஒன்றே: இம்மருந்து ஈரலை உண்மையாக மீட்கின்றதா? இவ்வினாவிற்கு விடை காணுதற்பொருட்டே நம் நாட்டு ஆய்வுக்கூடங்களில் எலிகள் பல உயிர் விடுகின்றன. தமிழர் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட மருந்தின் பெயரால் நிகழ்வது எவ்வாறு நிகழ்கின்றது என்று தமிழ் மாணவர் கேளாதிருத்தல் தகுமோ?

ஈரல் மீள வளரும் இயல்பை அளந்து காட்டிய முறைகளுள் புகழ் பெற்றது ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1931-ஆம் ஆண்டில் வெளியிட்டதாகும். எலியின் கல்லீரல் பல மடல்களாகப் பிரிந்தது. அம்மடல்களுட் சிலவற்றை அடியிற் கட்டி நீக்கி, ஈரலின் மூன்றில் இரு பங்கைக் குறைப்பது அவர் வகுத்த முறை. எஞ்சிய ஒரு பங்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களுள் முன்னைய நிறையை எய்திவிடும். நீக்கிய மடல் மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சிய மடல்களே பருத்துக் குறையை நிரப்புகின்றன. குடும்பத்தில் ஒருவர் மறைந்தவழி ஏனையோர் அவர் சுமையையும் தாம் ஏற்றுக்கொள்ளுதல் போல்வது இது.

இவ்வறிவு வீணாய்ப் போகவில்லை. 1998-ஆம் ஆண்டில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இரண்டு வயதும் நிரம்பாத ஆண்குழந்தை ஒன்றற்கு, அதன் தந்தை தம் ஈரலின் ஒரு பகுதியை ஈந்தார். தில்லி மாநகரிலே மருத்துவர் அதனைக் குழந்தையின் உடலிற் பொருத்தினர். இந்தியாவில் வெற்றி பெற்ற குழந்தை ஈரல் மாற்றங்களுள் அதுவே முதலாவது. அக்குழந்தை வளர்ந்து பின்னாளில் தாமே மருத்துவராயினார். அதற்கு முந்திய 1997-ஆம் ஆண்டில், தமிழ்நாட்டிற் பிறந்த முகமது ரேலா என்னும் அறுவை மருத்துவர், இலண்டன் மாநகரில், பிறந்து 5 நாளே ஆகிய பெண்குழந்தைக்கு ஈரல் மாற்றி உலகின் வியப்பிற்கு உரியராயினார். உயிருடன் இருப்பவர் ஈரலைப் பகுத்துக் கொடுக்கலாம் என்னும் துணிவு, கொடுத்தவர்க்கும் பெற்றவர்க்கும் அது மீள வளரும் என்னும் அறிவின்மேல் எழுந்தது. அவ்வறிவிற்கு அடித்தளம் இட்டவை பெயரறியா எலிகள். ஆதலின் விலங்கின்மேற் செய்யும் ஆராய்ச்சி முழுவதும் கொடுமை என்று தள்ளுவார் கூட்டத்தில் யாம் சேரோம்.

ஆயினும் ஒன்று கேட்கின்றோம். எலியின் ஈரல் முதல் நாளில் எவ்வளவு, மூன்றாம் நாளில் எவ்வளவு, ஏழாம் நாளில் எவ்வளவு வளர்ந்தது என அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர் பழைய முறையில் யாது செய்தல் வேண்டும்? ஒவ்வொரு நாளிலும் சில எலிகளைக் கொன்று ஈரலை எடுத்து நிறுத்தல் வேண்டும். நாள் ஒன்றற்கு 6 எலிகள் என்றும், பார்க்கவேண்டிய நாள்கள் 6 என்றும் கொண்டால், 36 எலிகள் மடிதல் வேண்டும். அவ்வாறு மடிந்தும், ஓர் எலியின் வரலாறு முழுவதையும் ஒருவரும் கண்டிலர். முதல் நாளிற் கண்டது ஓர் எலி. ஏழாம் நாளிற் கண்டது வேறோர் எலி. பத்துப் பிள்ளைகளின் வெவ்வேறு வயதுப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்து, இஃது ஒரு பிள்ளையின் வளர்ச்சி என்று கூறுதல் போன்றது இம்முறை. பொதுநிலை ஒருவாறு புலப்படும், தனிநிலை மறையும்.

இக்குறையை நீக்க வந்ததே, மக்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று வழங்கும் காந்தப் படமுறை. அதன் இயல்பைச் சிறிது விளக்குவோம். உயிருடலில் மிகுந்திருப்பது நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு உள. அவ்வணுவின் கரு ஒரு சிறு காந்தம் போல்வது. உடலை வலிய காந்தத்தின் நடுவே வைத்தால் அக்கருக்களுள் ஒரு சிறு மிகுதி காந்தம் காட்டும் திசை நோக்கி நிற்கும். வானொலி அலையை அதன்மேற் செலுத்தினால் அவை நிலைபெயரும்; அலையை நிறுத்தினால் பழைய நிலைக்கு மீளும்; மீளுங்கால் தாமும் ஒரு குறிப்பை வெளியிடும். கொழுப்பிலும் நீரிலும் நல்ல தசையிலும் நோயுற்ற தசையிலும் மீளும் காலம் வேறுபடுதலின், அவ்வேறுபாடே படமாகின்றது. பிளாக், பர்செல் என்னும் இருவர் தனித்தனியே 1946-ஆம் ஆண்டில் இவ்வியல்பைப் பொருள்களிற் கண்டு, 1952-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். 1973-ஆம் ஆண்டில் லாட்டர்பர் அதனைப் படமாக்கும் வழி காட்டினார். மேன்ஸ்ஃபீல்டு அதனை விரைவும் நுட்பமும் உடையதாக்கினார். இவ்விருவர்க்கும் 2003-ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ்-கதிர் இதில் இல்லை, கத்தியும் இல்லை.

மருத்துவமனைகளில் மக்கட்குப் பயன்படும் காந்தத்தின் வலிமை பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. எலியின் ஈரலோ ஏறத்தாழ 10 கிராமே நிறையுடையது; சிறியதை நுணுகிக் காண வலிமை மிகுதியும் வேண்டும். ஆதலின் சிறு விலங்குகட்கென அமைத்த பொறிகளில் 7 டெஸ்லாவும் அதனின் மிக்கதும் உண்டு. நிலவுலகின் காந்த வலிமையோடு ஒப்பிட்டால் 7 டெஸ்லா ஓரிலட்சம் மடங்கினும் மிகுந்தது. மயக்க வாயுவால் எலியைத் துயிலச் செய்து, உடற்சூடு குறையாது காத்து, அதன் மூச்சின் ஏற்ற இறக்கத்தோடு இயைத்துப் படம் எடுப்பர். படம் முடிந்ததும் எலி கண் விழித்துத் தன் கூட்டிற்கு மீளும். மூன்றாம் நாள் அவ்வெலியையே மீண்டும் காணலாம்; ஏழாம் நாளும் அவ்வெலியையே காணலாம். முற்கூறிய கணக்கின்படி 36 எலிகள் வேண்டியிருந்த இடத்தில் 6 எலிகள் அமையும். அவ்வாறும் அவ்வெலிகள் ஒவ்வொன்றற்கும் தொடக்கமும் நடுவும் முடிவும் உடைய வரலாறு ஒன்று கிடைக்கும்.

ஈரலின் பருமனை அறிதலோடு இம்முறை நின்றுவிடவில்லை. பருமன் வேறு, தொழில் வேறு. வீடு கட்டி முடிந்தது என்பதனால் அதில் அடுப்பு எரிகின்றது என்பது பெறப்படாது. ஈரல் முன்னைய அளவிற்கு வளர்ந்த பின்னரும் அதன் தொழில் முற்றும் மீளாது பின்தங்கி நிற்றல் கூடும். தொழிலை அளத்தற்குக் கடோக்சிட்டேட் என்னும் மருந்து துணை செய்கின்றது. கடோலினியம் என்னும் உலோகத்தைத் தன்னகத்தே அடக்கிய இதனைக் குருதியிற் செலுத்தினால், நலமுள்ள ஈரல் உயிரணுக்கள் இதனை உள்வாங்கிப் பித்தத்தின் வழியே வெளியேற்றும். உள்வாங்கிய பகுதி படத்தில் ஒளிரும்; நலிந்த பகுதி மங்கித் தோன்றும். மனிதர் உடலில் ஏறத்தாழப் பாதி பித்தத்தின் வழியும் பாதி சிறுநீரின் வழியும் வெளியேறும். ஆகவே ஈரல் எவ்வளவு ஒளிர்ந்தது, எத்துணை விரைவில் ஒளிர்ந்தது என்பவற்றைக் கொண்டு, அதன் எப்பகுதி உழைக்கின்றது, எப்பகுதி சோர்ந்தது என அறியலாம். குருதிச் சோதனை ஈரல் முழுவதற்கும் ஒரே எண்ணைத் தரும். இஃதோ பகுதி பகுதியாகக் காட்டும். ஈரலிற் படிந்த கொழுப்பின் அளவையும், மெல்லிய அதிர்வை ஊட்டி அது பரவும் வேகத்தால் ஈரலின் இறுக்கத்தையும் அளக்கும் வழிகளும் உள. ஈரல் தழும்பேறித் தன் பெயருக்கு ஏற்பக் கல்லாகவே இறுகிவிடும் நோயை முன்னரே உணர்த்தும் வழி இதுவாம்.

இனிக் கீழாநெல்லிக்கு வருவோம். ஹெப்பாடைட்டிஸ் பி வைரசைக் கண்டறிந்த பணிக்காக 1976-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர், வெங்கடேஸ்வரன், மில்மன் என்பாரோடு கூடி, கீழாநெல்லியினத்துச் செடியின் சாற்றை வுட்சக் என்னும் விலங்கிற் சோதித்து 1987-ஆம் ஆண்டில் முடிவினை வெளியிட்டார். வளைகளில் வாழும் அவ்வமெரிக்க விலங்கிற்கு, மனிதரைப் பற்றும் வைரசிற்கு உறவான வைரசு ஒன்று உண்டு. அதன்பின் 1988-ஆம் ஆண்டில் சென்னையில் தியாகராஜன் முதலியோர் பிளம்பர்க்கோடு சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி 'லான்செட்' என்னும் ஏட்டில் வெளிவந்தது. கீழாநெல்லி உண்ட 37 பேருள் 22 பேர் குருதியில் வைரசின் மேற்புறப் பொருள் மறைந்தது. வெறும் பொடி உண்ட 23 பேருள் ஒருவர்க்கே மறைந்தது. தமிழ்நாட்டு வரப்பிற் கிடந்த பச்சிலை உலக அரங்கில் ஏறியது கண்டு நம்மவர் மகிழ்ந்தனர். ஆனால் தாய்லாந்து முதலிய நாடுகளிற் பின்னர் நடந்த சோதனைகளில் அப்பயன் காணப்பெறவில்லை.

இதனால் கீழாநெல்லி பயனற்றது என்று கூறுவேமல்லேம். பயனுடையது என்று துணிந்துரைப்பேமும் அல்லேம். எம் கருத்து வேறு. குருதியில் ஓர் அடையாளம் மறைதல் ஒன்று. நலிந்த ஈரல் மீண்டும் வளர்ந்து உழைத்தல் மற்றொன்று. எம் ஊரார் மோரிற் கலந்து குடித்துக் காத்திருப்பது பின்னையதற்கே. நம் நாட்டில் பச்சிலைகள்பற்றி நடக்கும் ஆராய்ச்சிகள் பல ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. எலிக்குக் கார்பன் டெட்ராகுளோரைடோ அளவிறந்த பாராசிட்டமாலோ கொடுத்து ஈரலைக் கெடுப்பர், பச்சிலைச் சாற்றை ஊட்டுவர், குருதியைச் சோதிப்பர், எலியைக் கொன்று ஈரலைச் சீவிக் காண்பர், காத்தது என்று எழுதுவர். அவ்வெலியின் ஈரல் மருந்துக்கு முன் எவ்வாறிருந்தது, கேடுற்றபோது எவ்வளவு சோர்ந்தது, எந்நாளில் மீளத் தொடங்கியது என்னும் வரலாற்றை அக்கடைசி நாளின் காட்சி உரைப்பதில்லை. நூலின் இறுதி ஏட்டை மட்டும் படித்துவிட்டுக் கதை முழுதும் அறிந்தேம் என்பார்க்கு நம் தமிழாசிரியர் எத்துணை மதிப்பெண் கொடுப்பர் என்பதை மாணவ நண்பர்கள் அறிவர். ஆகவே, கொல்லாது காணும் முறை இரக்கத்தால் மட்டுமன்றி, உண்மையாலும் மேம்பட்டது என்பதே எம் துணிபு. இரக்கம் வந்தால் அறிவு குறையும் என்பார் கூற்று ஈண்டுப் பொருந்தாது.

இரக்கத்தைச் சட்டமாக்கிய பெருமையில் தமிழ்நாட்டிற்கும் பங்குண்டு. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அம்மையார், 1952-ஆம் ஆண்டில் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்று, விலங்குகட்கு இழைக்கும் கொடுமையைத் தடுக்கத் தாமே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் வழியாக 1960-ஆம் ஆண்டின் சட்டம் பிறந்தது. தவிர்க்கக்கூடிய இடத்தில் விலங்காராய்ச்சியைத் தவிர்த்தல் வேண்டும் என்றும், செய்யுமிடத்து மயக்கமருந்தும் பரிவும் வேண்டும் என்றும் அச்சட்டம் பணிக்கின்றது. ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கிலேயர் இருவர் 1959-ஆம் ஆண்டில் இத்துறைக்கு மூன்று நெறிகளை வகுத்தனர்: விலங்கிற்கு மாற்றுக் காணுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தை மென்மையாக்கல். எம்.ஆர்.ஐ. இவற்றுள் இரண்டாம் நெறிக்கும் மூன்றாம் நெறிக்கும் ஒருங்கே துணையாதல் காண்க. நம் கல்லூரிகளின் விலங்கியற் கூடங்களிலும் மாற்றம் வந்துவிட்டது. மாணவர் விலங்குகளை அறுத்துப் பயிலுதலைக் கைவிடுமாறு 2014-ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக மானியக் குழு பணித்தது. மாணவர்க்கு ஆகாது என விலக்கியதை, மேல்நிலை ஆராய்ச்சியில் வேண்டுமளவிற்கு மேல் விரித்துக்கொள்ளுதல் முறையாகுமோ?

எம் கருத்திற்கு மறுப்புக் கூறுவார் உளர். அவர் கூறுவனவற்றுள் மூன்றை எடுத்துக்கொள்வோம். முதலாவது, ஞாயிற்றுக்கிழமை தோறும் கடையில் ஆட்டீரல் வாங்கிச் சமைக்கும் நீவிர் எலியின் ஈரலுக்கு இரங்குவது நகைப்பிற்கு இடமன்றோ என்பது. வள்ளுவனார் புலால் மறுத்தற்கு ஓரதிகாரமும் கொல்லாமைக்கு வேறோரதிகாரமும் வகுத்தார். அவ்விரண்டனையும் முற்றக் கைக்கொண்டேம் என்று யாம் நடிக்கவில்லை. உணவிற்குக் கொல்லுதல்பற்றிய வழக்கு பெரிது. அதனை வேறிடத்தில் ஆராய்வோம். ஈண்டு யாம் கேட்பது மிகச் சிறியது. கொல்லாமலே அதனினும் மேலான விடை கிடைக்குமிடத்தும் கொல்லுதல் எற்றுக்கு? சிட்டுக்குருவியையும் மறவாத இறைவனை வழிபடும் நாம், அவன் படைப்பைத் தேவையின்றிச் சிதைத்தற்கு உரிமை பெற்றோமல்லோம்.

இரண்டாவது, படம் எல்லாவற்றையும் காட்டுமோ என்பது. காட்டாது என்பதை ஒப்புகின்றோம். ஓர் உயிரணுவின் உள்நிலையை அறியவேண்டின் இன்றும் ஈரலைச் சீவி நுண்பெருக்கியிற் காணல் வேண்டும். மயக்கம் பலமுறை கொடுத்தலும் எலிக்குச் சுமையே. கடோலினியம் சிறிதளவு உடலில் தங்குதல் உண்டு என்பதும் ஆராய்ச்சியிற் கண்டது. எனவே இறுதியிற் சில எலிகள் மடிதலை இம்முறை முற்றும் ஒழிக்கவில்லை. ஆயின் முப்பத்தாறிற்கும் ஆறிற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. முழுதும் தீராத துன்பத்தைக் குறைக்கவும் வேண்டா என்று கூறுதல் அறிவுடையார் வழக்கன்று.

மூன்றாவது மறுப்பே எம்மை வருத்துவது. வறியோர் மிகுந்த நாட்டில், மனிதர்க்கே எம்.ஆர்.ஐ. எடுக்க முறை வரும் வரை காத்திருக்கவேண்டிய நிலையில், எலிக்குக் கோடிக்கணக்கிற் பொருள் செலவிட்டுப் பொறி வாங்குவதோ என்பது அது. சாமல்பட்டியிற் கூலிவேலை செய்யும் ஒருவர், படம் எடுத்தற்கு ஒரு நாட் கூலியை இழந்து வெளியூர் செல்லவேண்டியிருத்தலை யாம் அறிவோம். அவர் வரிசையில் எலியை முன்னிறுத்துமாறு ஒருகாலும் கேளோம். மக்கட்குப் பின்னரே ஆராய்ச்சி. ஆனால், ஒவ்வொரு கல்லூரியும் தனக்கெனத் தனிப்பொறி வாங்குதல் வேண்டும் என்று யாம் சொல்லவில்லையே. ஊருக்கு ஒரு கிணறு போதும், இறைப்பார் பலராகலாம்.

எம் பகுதியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824-ஆம் ஆண்டில் தொடங்கிய பழைய கால்நடைப் பண்ணை உள்ளது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியும் ஓசூரிலேயே உள்ளது. எல்லையைக் கடந்தால் ஆராய்ச்சி நிலையங்கள் நிறைந்த பெங்களூரு. ஓசூரின் தொழிற்சாலைகளிலோ நுட்பப் பொறிகளைப் பேணும் கைகள் குறைவல்ல. இவ்விடத்தில் விலங்குகட்குரிய எம்.ஆர்.ஐ. பொறி ஒன்றை இரு மாநிலத்துக் கல்லூரிகட்கும் பொதுவாக நிறுவினால், செலவும் பகிரப்படும், பயனும் பகிரப்படும். மருத்துவமனைகள் புதிய பொறி வாங்குங்காற் பழையதை இதற்கென ஈதலும் ஆகும். எலி, முயல் இவற்றிற்கேற்ற சிறு கம்பிச்சுருள்களை இணைத்து 3 டெஸ்லாப் பொறியிலும் படம் எடுக்கின்றனர். காந்தத்தைக் குளிர்விக்கும் திரவ ஹீலியத்திற்கும் பேணுதற்கும் ஆண்டுதோறும் பொருள் வேண்டும் என்பதை மறந்தோமல்லோம். ஆனால் ஒரே பச்சிலையைப் பல கல்லூரிகளும் தனித்தனியே சில எலிகளிற் சோதித்து, எதனையும் உறுதிப்படுத்தாது விடுவதும் செலவே. அச்செலவு கணக்கேட்டிற் காணப்படுவதில்லை, எலிக்கூட்டிற் காணப்படும்.

பொறி வரும் வரையிற் செய்யத்தக்கதும் உண்டு. விலங்காராய்ச்சிக்கு இசைவளிக்கும் அறநெறிக் குழுக்கள் ஒவ்வொரு நிலையத்திலும் உள. ஈரலைப்பற்றிய விண்ணப்பம் வரும்போது அவை இரண்டு வினாக்களைக் கட்டாயமாகக் கேட்பனவாக: இவ்வினாவிற்கு விடை முன்னரே பிறர் கண்டதுண்டா? உயிருடன் வைத்துக் காணும் வழி அணுகத்தக்க தொலைவில் உண்டா? இரண்டாம் வினாவிற்கு உண்டு என்னும் விடை வருமாயின், கொன்று காணும் முறைக்குத் தக்க காரணம் எழுத்தில் வேண்டப்படுவதாக.

நம் கல்லூரியின் அறிவியல் மாணவருட் பலர் நாளை மருந்தாராய்ச்சிக்குச் செல்வர். பழைய மாணவருட் சிலர் இப்போதே அத்துறையில் உயர்நிலையில் உள்ளனர். அவர்கட்கு எம் வேண்டுகோள் இது. கீழாநெல்லியோ கரிசலாங்கண்ணியோ ஈரலைக் காக்கும் என்று நிறுவ முற்படுங்கால், தமிழ் மருந்தின் பெருமையைப் பறைசாற்றும் அவாவை ஒருபுறம் வைத்து, ஒரே உயிரின் ஈரலை முதல் நாள் தொட்டு இறுதி நாள் வரை பின்தொடர்ந்து காண்மின். மெய்யாகவே மீட்பது மெய்யென்று விளங்கும், மீட்காதது வெளிப்படும். எவ்வாறாயினும் வரப்பிலே பச்சிலை பறித்து நோயாளியின் அருகே அமர்ந்திருக்கும் தாய்க்கு நேர்மையான விடை ஒன்று கிடைக்கும். அவ்விடை விரைவிற் கிடைக்க ஆண்டவர் அருள் புரிவாராக.